ரியோ நேக்ரோவா, பொலிவியாவா, ரேவாவா? தூண்டிலோடு காட்டு விடுதிக்குப் போக நினைப்பவர்களுக்கு

தென் அமெரிக்கக் காட்டுக்குள் ஒரு வாரம் தூண்டில் போடப் போகலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு மீனின் படத்தோடுதான் வருகிறார்கள். என்ன மீன், எவ்வளவு எடை, எவ்வளவு செலவு என்பதோடு அவர்கள் விசாரணை முடிந்துவிடுகிறது. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். நீங்கள் போகும் வாரத்தில் அந்த ஆற்றின் நீர்மட்டம் எப்படி இருக்கும்? அந்த ஆறு யாருடைய பொறுப்பில் இருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எந்த மீன் என்பது பாதி முடிவாகிவிடும்.

இங்கே மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன். பிரேசிலில் பார்செலோஸ் நகரைச் சுற்றியுள்ள ரியோ நேக்ரோ ஆறு, அங்கே டூக்குனாரே மீன். பொலிவியாவில் ஆண்டீஸ் மலையடிவாரத்து செக்கூரே ஆற்றுப் பகுதி, அங்கே தங்க டொராடோ. கயானாவில் ரூபுனூனி ஆற்றோரத்து ரேவா கிராமம், அங்கே அரப்பைமா. மூன்றிலும் மீனைப் பிடித்து உயிரோடு திரும்ப விடுவதுதான் முறை. சமையலுக்கென்று சில சிறிய மீன்களை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

நம் காவிரியை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கலாம். கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி முகாம்களுக்கு ஒரு காலத்தில் உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்தார்கள். திமில் மஹ்சீர் அவ்வளவு பெரிய மீன். 1946-இல் மைசூர்ப் பகுதியில் பிடிபட்ட ஒரு மஹ்சீரின் எடை 120 பவுண்டு. ஆனால் அந்த முகாம்கள் இருப்பது சரணாலயத்துக்குள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டுவிட்டது. 2018-இல்தான் அந்த மீனுக்கு உரிய அறிவியல் பெயர் எது என்பதே உறுதியானது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. ஆகவே இப்போதைக்குக் காவிரியை நிம்மதியாக விட்டுவைப்பதே நல்லது.

விடுமுறை எப்போது கிடைக்கும்?

இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. காட்டாற்றில் மீன் பிடிபடுவதும் பிடிபடாமல் போவதும் உங்கள் திறமையைவிட மழையைப் பொறுத்தது. வெள்ளக் காலத்தில் அமேசான் படுகையின் ஆறுகள் கரை தாண்டிக் காட்டுக்குள் புகுந்துவிடும். மரங்களின் கிளை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், மீன்களும் அந்த மரங்களுக்கு இடையே போய்விடும். அங்கே எந்தத் தூண்டிலும் எட்டாது. தண்ணீர் வடிய வடியத்தான் அவை ஏரிகளுக்கும் ஆற்றின் மூலத்தடத்துக்கும் திரும்பி வந்து ஓரிடத்தில் சேரும்.

ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்பு என்றால் உங்களுக்கு பொலிவியா மட்டுமே. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். டிசம்பர் விடுமுறைதான் கிடைக்கும் என்றால் ரியோ நேக்ரோ. பார்செலோஸ் பகுதியில் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தண்ணீர் இறங்கியிருக்கும். ரூபுனூனியில் மே முதல் ஆகஸ்ட் வரை பெருமழை, புல்வெளியே ஏரியாகிவிடும். அக்டோபர், நவம்பரும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையும் அங்கே நல்ல காலம். நம் ஊர்ப் பள்ளிக் கோடை விடுமுறையான மே மாதம் ரியோ நேக்ரோவுக்கும் ரேவாவுக்கும் பொருந்தாது, பொலிவியாவுக்கும் சற்று முந்தியது. குழந்தைகளின் விடுமுறையை வைத்துத் திட்டமிடுகிறவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் வெள்ளக் காலத்தில் பணம் கட்டிப் போய் ஏமாறுவதற்கு இதைத் தெரிந்துகொள்வது மேல்.

ரியோ நேக்ரோ: கை வலிக்கும் வரை வீச வேண்டிய ஆறு

டூக்குனாரேயின் வாலடியில் மயில்தோகைக் கண்ணைப் போல ஒரு கரும்பொட்டு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். நம் குளங்களில் கிடக்கும் ஜிலேபி மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது என்றால் நம்புவது கடினம். இதன் பெரிய இனம் 10 கிலோவைத் தாண்டும். உலகப் பதிவாக உள்ள மீன் 13 கிலோவுக்குச் சற்று அதிகம், 2010-இல் இதே ரியோ நேக்ரோ படுகையில் பிடிபட்டது.

தேநீர் டிகாஷன் நிறத் தண்ணீரில், ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள செயற்கை இரையை வீசுகிறீர்கள். அதன் வாலில் ஒரு சிறு சுழலி. தூண்டில் கோலை வெட்டி இழுக்கும்போதெல்லாம் அது நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு சத்தமாக வரும். பத்து, இருபது, ஐம்பது வீச்சுகளுக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு கணத்தில் அந்த இரை இருந்த இடத்தில் தண்ணீர் வெடிக்கும். மீன் கவ்வியதுமே மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளை நோக்கி ஓடும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. 65 பவுண்டு, 80 பவுண்டு தாங்கும் பின்னல் நூலைப் போடுவதற்குக் காரணம் மீனின் எடை அல்ல, அந்த முதல் ஓட்டம். தடிமனான தூண்டில்முள்ளையே நிமிர்த்திவிடும் பலம் அதற்கு உண்டு.

ஃபிளை, அதாவது இறகாலும் நூலாலும் கட்டிய போலி இரை, வீசத் தெரியாதவருக்கு இது பெரிய வசதி. சாதாரண ரீலும் கோலும் பழகியவர் ஒரே நாளில் இந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வெயிலில் நாள் முழுவதும் அந்தக் கனத்த இரையை வீசத் தோளில் வலு வேண்டும். முதுகு, தோள் வலி உள்ளவர்கள் சிறிய இரைகளையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எண்ணிக்கையில் மீன் கிடைக்கும், பூதமீன் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

இந்த ஆற்றில் நிலையான விடுதியைவிட மிதக்கும் விடுதிகளும் தங்கும் படகுகளுமே அதிகம். அவற்றைத்தான் நானும் பரிந்துரைப்பேன். மேல்பகுதியில் எங்கோ பெய்த மழையால் ஒரே இரவில் ஓர் உபநதி ஏறிவிடலாம். படகு நகர்ந்து வேறு கிளைக்குப் போய்விடும், கரையில் கட்டிய விடுதிக்கு அது முடியாது. ஆனால் தண்ணீர் மிகவும் இறங்கினால் இந்த வசதியே சிக்கலாகும். இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள மனாஸ் நகரத் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் அளந்துவருகிறார்கள். 2023 அக்டோபரில் அது 12.70 மீட்டருக்கு இறங்கி அதுவரை இல்லாத தாழ்வைத் தொட்டது. அடுத்த ஆண்டே 12.11 மீட்டராகி அந்தப் பதிவும் உடைந்தது. அப்படிப்பட்ட பருவத்தில் பெரிய படகுகள் மணல்திட்டுகளைத் தாண்ட முடியாமல் நிற்கும். முன்பதிவு செய்யும்போது, உங்கள் படகு எவ்வளவு ஆழம் இருந்தால் ஓடும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கறுப்பு நீரில் அமிலத்தன்மை அதிகம், அதனால் கொசு குறைவு. இதை எல்லா விளம்பரத்திலும் போடுவார்கள், உண்மையும்கூட. ஆனால் மலேரியா இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பார்செலோஸ் பக்கம் மலேரியா உண்டு.

மனாஸிலிருந்து பார்செலோஸ் சுமார் 400 கிலோமீட்டர். பலர் சிறிய விமானத்தில் போகிறார்கள். 2023 செப்டம்பர் 16 அன்று கனமழையில் அங்கே தரையிறங்க முயன்ற விமானம் நொறுங்கி, மீன்பிடிக்கப் போன 12 பயணிகளும் விமானிகள் இருவரும் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வானிலை சரியில்லை என்று விமானி ஒரு நாள் தள்ளிப்போட்டால் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முன்னால் மனாஸில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

ஆறு யாருடைய பொறுப்பில் என்ற கேள்விக்கு இங்கே ஒரே விடை கிடையாது. மாரியே போன்ற சில உபநதிகளில் பழங்குடிக் கிராமங்களின் சங்கமே ஒப்பந்தம் போட்டு, ஃபிளை மட்டும், குறைந்த ஆட்கள் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வேறு பல இடங்களில் ஒரே ஏரிக்கு ஒரே வாரத்தில் மூன்று படகுகள் போட்டி போடும். நேற்று ஒருவர் பிடித்து விட்ட மீன் இன்று உங்கள் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், அந்த நீர்ப்பகுதியில் அவர்களுக்குத் தனி அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

பொலிவியா: கால்களுக்கும் பணப்பைக்கும் சோதனை

தங்க டொராடோவைப் பற்றி எழுதும்போது எனக்கே கொஞ்சம் ஏக்கம் வருகிறது. மற்ற இரண்டு இடங்களிலும் மீன் மங்கலான தண்ணீருக்குள் இருக்கும். இங்கே கூழாங்கல் தெரியும் தெளிந்த ஓடை. வறண்ட காலத்தில் சாபலோ என்ற மீன் கூட்டங்கூட்டமாக மேல்நோக்கி ஏறும், அவற்றைத் துரத்திக்கொண்டு டொராடோ வரும். கணுக்கால் ஆழத்தில் சாபலோக்கள் சிதறி ஓட, பின்னால் ஒரு பொன்னிற முதுகு தண்ணீரைப் பிளந்துகொண்டு வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீசலாம்.

ஆனால் ஃபிளை மட்டுமே அனுமதி. தூண்டில்முள்ளை ஒட்டிக் கட்டும் கம்பி முன்நூல் இல்லாவிட்டால் பற்கள் அறுத்துவிடும், கனமான ஃபிளையைக் காற்றில் தூரமாகவும் சீக்கிரமாகவும் வீசத் தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் வழுக்குப் பாறைகள்மேல் நடை. அங்குள்ள பழங்குடியினரான சிமானே மக்கள் நீண்ட மரத்தோணியை கழியூன்றிக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், அதன் பிறகு நடந்துதான் ஆக வேண்டும். இதே மக்களின் இதய நாளங்கள் உலகில் இதுவரை ஆராயப்பட்ட எவரையும்விட ஆரோக்கியமானவை என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. அவர்களோடு நடந்து ஈடுகொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இந்த இடம் வேண்டாம்.

ஒரு நல்ல மழை பெய்தால் ஓடை கலங்கிவிடும், தெளிய ஓரிரு நாள் ஆகலாம். ஆறு நாள் மீன்பிடிப்பில் இரண்டு நாள் போவது பெரிய இழப்பு. தெற்கிலிருந்து சுராசோ என்ற குளிர்காற்று வீசினால் வெப்பமண்டலக் காட்டிலும் நடுங்குவீர்கள், கம்பளிச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். சான்டா குரூஸ் நகரிலிருந்து தனி விமானத்தில்தான் போக வேண்டும். மூன்றில் மிக அதிகச் செலவு இதுவே.

இந்தப் பகுதி, இசிபோரோ செக்கூரே தேசியப் பூங்காவும் பழங்குடி நிலமும் சேர்ந்த இடம். 2011-இல் இதன் நடுவே நெடுஞ்சாலை போடும் திட்டத்தை எதிர்த்து இங்குள்ள மக்கள் அரசு இயங்கும் நகரமான லா பாஸ் வரை நடந்தே போனார்கள், வழியில் போலீஸ் தடியடியும் பட்டார்கள். அந்தப் போராட்டத்தால் நிலத்துக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பை 2017-இல் வேறொரு சட்டம் நீக்கியது. இந்த ஆற்றில் தூண்டில் போட வருகிறவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தக் கிராமங்களுக்குப் போகிறது என்பதால்தான் இவ்வளவு விலையையும் என்னால் நியாயப்படுத்த முடிகிறது.

ரேவா: நான் தேர்ந்தெடுப்பது

ரேவா ஆறும் ரூபுனூனியும் கூடும் இடத்தில், பெரும்பாலும் மக்கூஷி மக்கள் வாழும் சிறிய கிராமம். 2005-இல் அவர்களே தொடங்கிய விடுதி, அவர்களுக்கே சொந்தம். அதற்கு முன்பு அரப்பைமா இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு மிகவும் குறைந்துபோயிருந்தது. முன்பு ஈட்டியோடு அந்த மீனின் பின்னால் போன கைகளே இன்று அதைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீரில் விடுகின்றன. மீன் உயிரோடு இருந்தால்தான் கிராமத்துக்கு வருமானம். இந்தக் கணக்கு வேறு எங்கும் இவ்வளவு நேராக எனக்குத் தெரியவில்லை.

அரப்பைமா 2 மீட்டர் நீளத்துக்கு வளர்வது சாதாரணம், 3 மீட்டர் வரைகூடப் போகும். அது காற்றைச் சுவாசிக்கும் மீன். வளர்ந்த மீன் சுமார் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். மீன்பிடிப்பும் இதை வைத்துத்தான். ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு குளத்துக்குள் தோணி ஓசையில்லாமல் நுழைகிறது. துடுப்பு தோணியின் விளிம்பில் இடித்தால்கூட வழிகாட்டி முகம் சுளிப்பார். எல்லோரும் காத்திருக்கிறோம். திடீரென்று யாரோ பெருமூச்சு விட்டதைப் போல ஒரு சத்தம், கரும்பச்சை முதுகு, அதன் பின்னால் சிவப்பு விளிம்புச் செதில்கள் கொண்ட வால், பிறகு வட்ட அலைகள். மீன் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வழிகாட்டி அந்த அலையில் படித்துவிடுவார். கையை நீட்டி, அங்கே, இன்னும் கொஞ்சம் இடது, என்று மெல்லச் சொல்வார். அந்த இடத்தில் ஃபிளை விழ வேண்டும். விழுந்த பிறகு மிக மெதுவாக இழுக்க வேண்டும். அது தவறினால் அடுத்த மூச்சு வரை மறுபடியும் காத்திருப்புதான்.

தூண்டில் மாட்டியபின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. நீண்ட நேரம் நீருக்கடியில் இழுபட்டு மேலே வர முடியாமல் போனால் இந்த மீன் மூழ்கியே செத்துவிடும். அதனால் கனமான கோல், வலுவான நூல், சீக்கிரம் முடிக்க வேண்டும். கரையோரம் கொண்டுவந்ததும் வழிகாட்டிகள் தண்ணீரில் இறங்கி அதன் வயிற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். அது வாயைத் திறந்து ஒரு மூச்சு எடுத்த பிறகுதான் படம். அப்போதும் மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், நீங்களும் இடுப்பளவு நீரில் நிற்பீர்கள். மார்போடு தூக்கிப் படமெடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து இங்கே வர வேண்டாம்.

அரப்பைமாவுக்கு ஃபிளை மட்டும்தான், ஒரு வாரம் முழுக்கப் போட்டும் ஒன்றும் மாட்டாமல் போகலாம். அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும். ஆனால் ஆற்றில் டூக்குனாரே, பிரான்யா, கோரைப்பல் கொண்ட பயாரா, இரவில் செவ்வால் கெளுத்தி என்று சாதாரண ரீலுக்கு வேலை நிறைய உண்டு. உடன் வரும் மனைவியோ கணவனோ தூண்டில் போடாதவர் என்றால் மூன்றில் இதுதான் பொருத்தமானது. ராட்சத நீர்நாய்க் குடும்பங்கள், ஹார்பி கழுகின் கூடு, ஒரு ஆள் படுக்கும் அளவு இலை விரிக்கும் விக்டோரியா அல்லி எல்லாம் தோணி தூரத்தில். அறைகள் எளிமையானவை, குளிர்சாதன வசதியை எதிர்பார்க்க வேண்டாம். நேரடியாகக் கிராமத்து விடுதியிடம் பதிவு செய்தால் மற்ற இரண்டையும்விடக் கட்டணம் குறைவு. நாட்டின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் வழிகாட்டியோடு மனம்விட்டுப் பேசலாம். நாள் முழுக்க ஒரே தோணியில் இருக்கும் இருவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

கயானாவில் நமக்கு ஒரு பழைய உறவும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மதராஸிலிருந்து கப்பலேறியவர்களின் வழிவந்தோர் கடற்கரை ஊர்களில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். உள்நாட்டு விமானத்துக்காகத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தால் அந்தக் கோயில்களுக்குப் போய் வாருங்கள்.

வழிதான் சிக்கல். ஜார்ஜ்டவுனுக்குப் பல விமானங்கள் அமெரிக்கா வழியாகப் போகின்றன, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர்கள் பனாமா வழியைப் பார்க்கலாம். அல்லது பிரேசிலின் போவா விஸ்டா நகரிலிருந்து சாலை வழியாக எல்லையைக் கடந்து லெத்தெம் வந்து, அங்கிருந்து அன்னாய் போய்ப் படகேறலாம். எல்லையில் உள்ள தக்குட்டு பாலத்தில் வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறுகின்றன, ஏனென்றால் கயானாவில் நம்மைப் போல இடப்புறம்தான் ஓட்டுவார்கள்.

பணம் கட்டும் முன்

மூன்று நாடுகளும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாள்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இதைப் போடலாமா என்று மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும், போடக் கூடாது என்றால் பயணத்தையே மறுபடி யோசிக்க வேண்டும். ஆகவே இதுதான் முதல் வேலை, டிக்கெட் அதற்குப் பிறகு.

காப்பீட்டில், காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சிறிய விமானங்களில் பெட்டிக்கு எடை வரம்பு மிகக் குறைவு, நான்காகப் பிரியும் கோல்களே உதவும். மணல்திட்டில் இறங்கினால் கால்களைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள், திருக்கைகள் மணலுக்குள் புதைந்து கிடக்கும். தூண்டில்முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், அது மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

விடுதிக்கு எழுதும்போது கடந்த மூன்று பருவங்களில் நீங்கள் போகப்போகும் அதே வாரத்தில் நீர்மட்டம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். வெள்ளமோ வறட்சியோ வந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு வாரம் தருவார்களா என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், கிராமத்துக்கு எவ்வளவு போகிறது, வழிகாட்டிகள் அந்த ஊர்க்காரர்களா என்பதையும் கேளுங்கள். இவற்றுக்கு நேராகப் பதில் எழுதும் விடுதிக்கு முன்பணம் அனுப்பலாம். பதிலுக்கு மீன் படங்களை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு அனுப்பாதீர்கள்.